மஞ்சளில் கிழங்கு அழுகல்: ஓமியோபதி மருந்து ஊற்றலாமா?

மஞ்சக்காடு_கோபி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோபிக்குப் பக்கத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் மஞ்சள் வைத்திருக்கிறேன். பி.எஸ்.ஆர். 2 ரகம், வைகாசிக் கடைசியில் நட்டது. ஆயுத பூசை வரைக்கும் பயிர் அருமையாக இருந்தது. வழியில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் எட்டு நாள் விடாத மழை. மழை விட்ட நாலாம் நாள் தெற்குப் பள்ளத்தில் சில குத்துகள் (ஒரு கிழங்கிலிருந்து வந்த செடித் தொகுப்பு) பழுக்க ஆரம்பித்தன. அடி இலை ஓரத்திலிருந்து காய்கிறது, பிறகு மேல் இலையும் மடிகிறது. தண்டைப் பிடித்து இரண்டு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடுகிறது. தண்டின் அடி வெந்த கீரைத்தண்டு போல நொளநொளவென்று இருக்கிறது. கிழங்கைக் கழுவிக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே இறங்குகிறது. உள்நிறம் ஆரஞ்சு போய்ப் பழுப்பாகிவிட்டது, நாற்றமும் அடிக்கிறது. ஒரு கிழங்கைப் பிளந்தபோது உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. போன ஞாயிறு எண்ணியபோது 19 குத்து. இன்றைக்கு 43.

மூன்று வருடமாக இந்தக் காட்டுக்கு ரசாயனம் எதுவும் போடவில்லை. இயற்கை வேளாண்மைச் சான்றிதழுக்குப் பதிவு செய்து இது இரண்டாம் வருடம். அதனால் கடையில் தருகிற மருந்தை வாங்கி ஊற்ற மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஓமியோபதிதான் சாப்பிடுகிறோம். மகளுக்குச் சின்ன வயதில் இருந்த மூச்சிரைப்புக்கு அதில்தான் பார்த்தோம், இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த மருத்துவரிடமே கேட்டேன். சிலிசியா 200, நேட்ரம் சல்ப் 200 இரண்டையும் மாற்றி மாற்றி, 10 லிட்டர் தண்ணீருக்கு 10 சொட்டு வீதம் குத்தின் அடியில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். வாட்சப் குழுவில் ஒருவர், அழுகின கிழங்கிலிருந்தே மருந்து தயாரித்து ஊற்றினால் இன்னும் வேகமாகக் கேட்கும் என்கிறார்.

யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும்? கேலி செய்யாமல் பதில் சொல்லுங்கள். குத்து குத்தாகப் போவதைத் தினமும் பார்ப்பது தாங்கவில்லை.


தோப்புக்காரன்_பொள்ளாச்சி எழுதியது:

தைரியமாக ஊற்றுங்கள். போன வருடம் என் மிளகாய் நாற்றங்காலில் நாற்று கழுத்தழுகிச் சாய்ந்துகொண்டே வந்தது. சிலிசியா 200ஐ 10 லிட்டருக்கு 10 சொட்டு விட்டு, குச்சியால் வலமும் இடமுமாக நன்றாகச் சுழற்றி, பூவாளியில் தெளித்தேன். ஐந்தாம் நாளில் சாய்வது நின்றுவிட்டது. மீதி நாற்று முழுதும் பிழைத்தது.

இது எங்கோ ஒருவர் சொல்கிற கதை இல்லை. பிரேசில் நாட்டில் 1999லேயே இயற்கை வேளாண்மை விதிகளில் ஓமியோபதிக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் சாந்திநிகேதனில் சினா என்ற மருந்தை வேர்முடிச்சு நூற்புழுவுக்கு எதிராகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஈரத்தால் வருகிற உபத்திரவத்துக்கு நேட்ரம் சல்ப் என்பது மனிதருக்கே வழக்கமாகக் கொடுப்பது. பயிருக்கும் உயிர் உண்டே.

அழுகின கிழங்கிலிருந்து மருந்து செய்வதை நோசோடு என்பார்கள். கிழங்கை நசுக்கி, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுக் குலுக்கி, அதில் ஒரு பங்கு எடுத்து மறுபடி ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுக் குலுக்கி, இப்படி மூன்று நான்கு முறை செய்து ஊற்றுங்கள். செலவே இல்லை.


பவானிக்கரை_மஞ்சள் எழுதியது:

கோபி தம்பி, முதலில் ஒன்று: அழுகின கிழங்குத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட நல்ல பயிர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மற்றதைப் பிறகு சொல்கிறேன். மூன்று முறை பத்துப் பங்காகக் கரைத்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலும் அதில் நோய்க்கிருமியின் வித்து உயிரோடு இருக்கும். வெறும் தண்ணீரில்தானே கரைக்கிறீர்கள், அதைக் கொல்ல அதில் என்ன இருக்கிறது? மருந்து ஊற்றுகிறோம் என்று நினைத்து நோயைப் பூவாளியில் எடுத்துப்போய்த் தெளித்தது போலாகிவிடும். பொள்ளாச்சி அண்ணன் நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் இது ஆபத்து.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதில் கொஞ்சம் நீளும். இதை நான் செய்து பார்த்தவள்.

எனக்குத் தோட்டம் பவானிக்கும் அந்தியூருக்கும் நடுவில். மஞ்சள் வைக்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. என் மாமனார் ஓமியோபதியில் ஊறினவர். மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தார். திறந்தால் வரிசை வரிசையாகக் கடுகு மாத்திரை போட்ட சிறு குப்பிகள். ஒவ்வொரு தக்கை மேலும் அவர் கையெழுத்தில் பெயர். ஊரில் யாருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றாலும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். காசு வாங்க மாட்டார். அவரை மதித்து வாழ்ந்தவள் நான், அதனால் இதை அலட்சியமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

ஆறு வருடம் முன்பு எங்கள் காட்டிலும் இதே ஐப்பசி மழையில் அழுகல் வந்தது. மாமா வந்து பார்த்தார். குத்தைப் பிடுங்கி முகர்ந்தார். நேட்ரம் சல்ப் 30 எடுத்துக் கொடுத்து, பத்து லிட்டருக்குப் பத்துச் சொட்டு விட்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். பன்னிரண்டு நாளில் நோய் நின்றுவிட்டது. புதிதாக ஒரு குத்துக்கூடப் பழுக்கவில்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. சந்தையில், கல்யாண வீட்டில், பேருந்தில், பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

அப்படிச் சொன்னதில் ஒருவர் எங்களுக்குக் கிழக்கே, எங்கள் காட்டை விடப் பள்ளத்தில் இருப்பவர். எனக்கு அண்ணன் முறை. மறு வருடம் அவர் மஞ்சளில் அழுகல் வந்தபோது, "அம்மணி, உன் மருந்தைக் கொடு" என்று வந்து வாங்கிப்போனார். வேறு எதுவும் செய்யவில்லை, என் சொல்லை நம்பினார். அதே மருந்து, அதே அளவு, அதே மூன்று நாள் கணக்கு. மூன்று வாரத்தில் அரை ஏக்கர் போய்விட்டது. கடன் வாங்கி விதைக் கிழங்கு வாங்கியவர் அவர். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஏன் எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்கவில்லை என்று நாள் கணக்காக யோசித்தேன். பிறகு என் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். தண்ணீர் கட்டின நாள், ஆள் கூலி எல்லாம் எழுதி வைக்கிற வழக்கம் எனக்கு உண்டு. மாமா மருந்து கொடுத்த அன்றைக்கே நான்கு ஆள் கூலி எழுதியிருந்தது. வடிகால் வெட்டியதற்கு. அப்போதுதான் முழுதாக ஞாபகம் வந்தது. மருந்தைக் கையில் கொடுத்துவிட்டு மாமா சொன்னது மூன்று விசயம்: அழுகின குத்தை மண்ணோடு அள்ளி வெளியே கொண்டுபோய் எரி, பள்ளத்துத் தண்ணீரை வெட்டி விடு, மண் விரலில் ஒட்டாமல் உதிர்கிற வரைக்கும் தண்ணீர் கட்டாதே. சொன்னபடி எல்லாம் செய்தேன். ஊருக்குச் சொல்லும்போது மட்டும் சொட்டு மருந்தைச் சொன்னேன், மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன். அது எல்லோரும் செய்கிற வேலைதானே, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். நான் வெட்டிவிட்ட தண்ணீர் எங்கே போனது? கிழக்கு வரப்பை ஒட்டி, அந்த அண்ணன் காட்டு ஓரமாகத்தான் போனது. இந்த நோய் தண்ணீரில் நீந்திப் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கடுத்த வருடம் எங்கள் காட்டில் மறுபடி ஒரு மூலையில் நோய் தலைகாட்டியது. இந்த முறை சோதித்தே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மகன் அப்போது பிளஸ் டூ. அவன் ஒரு யோசனை சொன்னான். ஒரே மாதிரி இரண்டு கேன், ஒன்றில் 'அ', ஒன்றில் 'ஆ'. ஒன்றில் மருந்து விட்ட தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். எதில் எது என்று அவனுக்கு மட்டும் தெரியும், எனக்குத் தெரியாது. ஏனென்றால் எனக்குத் தெரிந்தால் மருந்து ஊற்றின வரிசையில் நோயைக் குறைத்து எண்ணிவிடுவேனாம். சின்னப் பையன் என்ன இப்படிப் பேசுகிறான் என்று இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் சரிதான். பாதி வாடின இலையை நோய் என்று எண்ணுவதா வேண்டாமா என்று ஒவ்வொரு குத்திலும் மனது ஊசலாடும்.

ஒரு பார் (மண் அணைத்த மேட்டு வரிசை) விட்டு ஒரு பார், 'அ' பத்துப் பார், 'ஆ' பத்துப் பார். குச்சி நட்டுத் துணி கட்டினோம். இருபது பாரிலும் வடிகால் எதுவும் புதிதாக வெட்டவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றி, பதினெட்டாம் நாள் எண்ணினோம். 'அ'வில் 37 குத்து செத்திருந்தது, 'ஆ'வில் 34. பிறகுதான் அவன் சொன்னான், 'அ'தான் மருந்து. மருந்தால் மூன்று குத்து கூடுதலாகச் செத்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒன்றுதான், அவ்வளவே. அதே காட்டில் மேல்பக்கம் அரையடி ஆழத்துக்கு வடிகால் வெட்டி விட்ட பத்துப் பாரில் செத்தது 6. மேடு என்பதால் அங்கே முதலிலேயே ஈரம் கொஞ்சம் குறைவு, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இது ஒரு தோட்டத்துக் கணக்கு, ஒரு வருடக் கணக்கு. ஆனாலும் அந்த இருபது பாரில் நடுவில் நின்றபோது எனக்கு இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது.

பொள்ளாச்சி அண்ணன் நாற்றுக்கு ஒரு வார்த்தை. மிளகாய் நாற்றில் கழுத்தழுகல் வருவது தண்டு இளசாக இருக்கும் நாட்களில்தான். தண்டு முற்றினால் அந்தச் சாய்வு தானாகவே குறைந்துவிடும். ஊற்றாமல் விட்ட பாத்தி ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

தம்பி, உங்கள் காட்டில் ஒரு வாரத்தில் 19 குத்து 43 ஆகியிருக்கிறது. சொட்டு மருந்தை ஊற்றிவிட்டுப் பத்து நாள் காத்திருந்தால், மருந்தால் வரும் கெடுதலை விட அந்தப் பத்து நாளால் வரும் கெடுதல் பெரிது. நாளைக்குக் காலையில் மண்வெட்டி எடுத்துக்கொண்டு தெற்குப் பள்ளத்துக்குப் போங்கள். தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கீழே யாராவது மஞ்சளோ இஞ்சியோ வைத்திருந்தால் அந்தப் பக்கம் விடாதீர்கள். அழுகின குத்தோடு சுற்றிலும் ஒரு சாண் மண்ணையும் சாக்கில் அள்ளிப் போடுங்கள். வரப்பில் கொட்டாதீர்கள், எருக்குழியிலும் போடாதீர்கள். அந்த மண்வெட்டியைக் கழுவாமல் நல்ல பாருக்குள் கொண்டுபோகாதீர்கள்.


மஞ்சக்காடு_கோபி எழுதியது:

அக்கா, உங்கள் பதிலை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நன்றி. இன்றைக்குக் காலையிலேயே இரண்டு ஆளை வைத்து வடிகால் வெட்ட ஆரம்பித்துவிட்டேன். தெற்கே எங்களுக்கு அடுத்தது தென்னந்தோப்பு, அதைத் தாண்டி ஓடை, மஞ்சள் யாரும் வைக்கவில்லை.

ஒரு சந்தேகம். வடிகாலும் வெட்டிவிட்டு, சொட்டு மருந்தும் ஊற்றினால் கெடுதல் ஒன்றும் இல்லையே? வீட்டில் அம்மா கேட்கிறார்கள். அப்புறம், இயற்கை முறையில் இருந்துகொண்டே வேறு என்ன போடலாம்? பூச்சிமருந்துக் கடையில் கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி போடச் சொல்கிறார்கள். அது எனக்கு வேண்டாம் என்றாலும், பக்கத்துக் காட்டுக்காரர் அதைத்தான் வாங்கி வைத்திருக்கிறார்.


வேர்நோய்_ஆய்வகம் எழுதியது:

நான் பயிர் நோயியல் படித்து, ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதிய அறிகுறிகள் பித்தியம் கிருமியால் வரும் கிழங்கு அழுகலோடு நன்றாகப் பொருந்துகின்றன. ஆனாலும் பாதி நல்லதும் பாதி அழுகியதுமாக இருக்கிற ஒரு கிழங்கை, வேர் மண்ணோடு காகிதத்தில் சுற்றி, பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்திலோ பவானிசாகர் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டிவிடுங்கள். முழுதும் அழுகினதைக் கொண்டுபோகாதீர்கள். அதில் பின்னால் வந்து சேர்ந்த கிருமிகள்தான் நிறைய இருக்கும். நீங்கள் பார்த்த வெள்ளைப் புழுவும் பெரும்பாலும் அப்படிப் பின்னால் வருவதுதான். கிழங்கு ஈயின் புழு அழுகல் உள்ள கிழங்கைத் தேடி வரும்.

பித்தியத்தைப் பேச்சுக்குப் பூஞ்சை என்கிறோம், உண்மையில் அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததே அல்ல. பூஞ்சையின் செல்சுவரில் முக்கியமாக இருப்பது கைட்டின். இதன் சுவரில் இருப்பது செல்லுலோஸ். பாசிகளுக்குத்தான் இது நெருங்கின சொந்தம். இதன் வித்துகளுக்கு இரண்டு வால் உண்டு, மண் இடுக்கில் நிற்கிற தண்ணீரில் நீந்தி வேர் நுனியைத் தேடிப் போகும். தண்ணீர் வடிந்தால் அதனால் நகர முடியாது. பவானிக்கரை அக்காவின் வடிகால் வேலை செய்தது அதனால்தான். தடித்த சுவர் கொண்ட இன்னொரு வகை வித்தும் உண்டு, அது மண்ணில் வருடக் கணக்கில் தூங்கிக் கிடக்கும். ஆகவே அதே பள்ளத்தில் அடுத்த வருடமும் மஞ்சளோ இஞ்சியோ வைக்காதீர்கள்.

கார்பென்டாசிம் உண்மையான பூஞ்சைகளில் பலவற்றை அடக்கும், பித்தியத்தை அடக்காது. இதைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் தயவு செய்து இன்றைக்கே சொல்லுங்கள். அவர் செலவு செய்யப்போகிற பணம் அப்படியே வீண். ரசாயன முறையில் இருப்பவர்களுக்கு மெட்டலாக்சில் கலந்த மருந்து இருக்கிறது, அளவை அலுவலரிடம் கேட்டுச் செய்யட்டும்.

உங்களுக்குப் பொருந்துவது செம்பு. 1885ல் பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்டே என்பவர் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்த கலவையை வெளியிட்டார். அந்த நோயின் கிருமியும் பித்தியத்துக்குச் சொந்தம்தான். 1 சதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரம் வேண்டாம், பிளாஸ்டிக் டிரம்மில் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தி ஒன்றைக் கலவையில் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும். நோய் வந்த குத்துகளைச் சுற்றி இருக்கிற நல்ல குத்துகளின் அடிமண் நனைய ஊற்றுங்கள். இயற்கை வேளாண்மை விதிகளில் செம்புக்குக் கட்டுப்பாட்டோடு இடம் உண்டு. ஆனால் உங்கள் சான்றளிப்பு அமைப்பிடம் எழுத்தில் முன் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள். இரண்டாம் வருடத்தில் சிக்கல் வேண்டாம்.

நோய் எட்டாத மேட்டுப் பக்கத்துக்கு டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை. ஏக்கருக்கு 1 கிலோ, நன்றாக மக்கின தொழுவுரத்தில் கலந்து, ஈரமான மண்ணில் பார் ஓரமாகத் தூவுங்கள். செம்பு ஊற்றின இடத்தில் உடனே போடக்கூடாது, அதுவும் பூஞ்சைதான், செம்பு அதையும் கொல்லும். மூன்று வாரமாவது விடுங்கள்.

இனி சொட்டு மருந்து. 30 என்று குப்பியில் போட்டிருந்தால், நூறில் ஒரு பங்காகக் கரைப்பதை 30 முறை செய்தது என்று பொருள். 12 முறை கரைக்கும்போதே 1க்குப் பின்னால் 24 சுழியங்கள் போட்ட அளவுக்குப் பிரிந்துவிடுகிறது. ஒரு மோல் (வேதியியலில் பொருளை அளக்கிற ஓர் அளவு) பொருளில் இருக்கிற மூலக்கூறுகள் 6.022 பெருக்கல் 1க்குப் பின்னால் 23 சுழியங்கள். அதாவது 12ஐத் தாண்டினால் குப்பியில் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட இருக்கும் என்று சொல்ல முடியாது. 200 என்றால் கேட்கவே வேண்டாம். ஓமியோபதியை உருவாக்கிய ஹானிமன் தன் முறையை 1796ல் எழுதியபோது ஒரு துளியில் எத்தனை மூலக்கூறு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. லோஷ்மிட் என்ற விஞ்ஞானி அதை முதன்முதலில் கணக்கிட்டது 1865ல், ஹானிமன் இறந்து 22 வருடம் கழித்து. மயில்துத்தக் கலவையில் லிட்டருக்கு 10 கிராம் இருக்கிறது, வித்தின் மேல் செம்பு நேரடியாகப் படிந்து கொல்கிறது. பஞ்சகவ்யம்கூட 3 சதம் என்று தெளிக்கிறோம், அதிலும் பொருள் இருக்கிறது. நிறையப் பேர் பஞ்சகவ்யத்தையும் ஓமியோபதியையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறார்கள், இரண்டும் வேறு வேறு.

பொள்ளாச்சிக்காரர் சொன்ன ஆய்வுகளை மறைக்க வேண்டியதில்லை. சோதனைக் கூடத்தில், தட்டில் வளர்த்த பூஞ்சையிலும் முளைவிட்ட கோதுமையிலும் வித்தியாசம் தெரிந்ததாகச் சொல்கிற கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் ஒருவர் கண்டதை வேறு இடத்தில் இன்னொருவர் செய்து அதே விடையை அடைவதுதான் எங்கள் துறையில் கணக்கு. வயலில் கிழங்கு அழுகலை ஓமியோபதி நிறுத்தியது என்று நம்பிப் பரிந்துரைக்கிற அளவுக்கு எதையும் நான் பார்த்ததில்லை. பிரேசில் அனுமதித்தது என்றால், இயற்கை விவசாயி அதைப் பயன்படுத்தினால் சான்றிதழ் போகாது என்று அர்த்தம். நோய் தீரும் என்று அர்த்தம் இல்லை.


தோப்புக்காரன்_பொள்ளாச்சி எழுதியது:

நோசோடு பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உயிருள்ள வித்து அதில் தப்பி இருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. கோபி நண்பர் இதற்குள் செய்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். சிலிசியா விசயத்தில் என் நம்பிக்கை போகவில்லை. ஆனால் அடுத்த நாற்றங்காலில் ஒரு பாத்தியை வெறும் தண்ணீரில் விடுகிறேன், 'அ' 'ஆ' போட்டே செய்கிறேன். முடிவு எப்படி வந்தாலும் இங்கே எழுதுகிறேன்.


பவானிக்கரை_மஞ்சள் எழுதியது:

கோபி தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள்: சொட்டு மருந்தால் பயிருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால், வடிய வைத்த பள்ளத்தை நீங்களே மறுபடி நனைக்கிறீர்கள். மழை ஈரமே காயாத மண்ணில் அது வேண்டாம். என் மாமா இருந்திருந்தாலும் வடிகாலை முதலில் வெட்டச் சொல்லியிருப்பார். பொள்ளாச்சி அண்ணனுக்கு என் வணக்கம்.


மஞ்சக்காடு_கோபி எழுதியது:

பதினாறு நாள் கழித்து எழுதுகிறேன்.

நோசோடு செய்யவில்லை. அழுகின கிழங்கை நசுக்கி ஒரு வாளியில் போட்டு வைத்திருந்தேன், அக்கா பதிலைப் படித்த அன்றைக்கே வாளியோடு கொண்டுபோய்க் குழியில் கொட்டிப் புதைத்துவிட்டேன்.

வடிகால் முக்கால் அடி ஆழம், தெற்கு வரப்பு நெடுக. முதல் நாள் வெட்டி முடித்ததும் பாருக்கு இடையிலிருந்து தண்ணீர் கசிந்து கசிந்து சாயங்காலம் வரைக்கும் ஓடியது. அவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் நின்றது வெளியே பார்த்தால் தெரியவே இல்லை. சான்றளிப்பு அமைப்பில் ஒப்புதல் வர ஐந்து நாள் ஆனது, வந்ததும் மயில்துத்தக் கலவை ஊற்றினோம். முதல் டிரம்மில் கத்தியில் செம்பு படிந்தது, சுண்ணாம்பு சேர்த்து மறுபடி முக்கினோம், படியவில்லை.

வேளாண் அறிவியல் நிலையத்தில் கிழங்கைப் பார்த்துப் பித்தியம்தான் என்றார்கள்.

மொத்தம் போனது 71 குத்து. கடைசி ஆறு நாளில் புதிதாகப் பழுத்தது இரண்டே இரண்டு, இரண்டும் பழைய பள்ளத்தை ஒட்டி. பக்கத்துக் காட்டுக்காரர் கார்பென்டாசிம் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரும் வடிகால் வெட்டிக்கொண்டிருக்கிறார். சொட்டு மருந்துக் குப்பி இரண்டும் அலமாரியில் இருக்கின்றன, ஊற்றவில்லை.

இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன் அக்கா. தை கடைசியில் வெட்டும்போது அடுத்த வருடத்துக்கு இந்தக் காட்டிலிருந்தே விதை எடுக்கலாமா, வெளியே வாங்க வேண்டுமா?


பவானிக்கரை_மஞ்சள் எழுதியது:

மேட்டுப் பக்கத்திலிருந்து எடுக்கலாம் தம்பி. நோய் வந்த கடைசிக் குத்திலிருந்து பத்துப் பார் தள்ளி, இப்போதே குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். தை மாதம் தாள் காய்ந்து மடிந்த பிறகு எந்தப் பார் எது என்று தெரியாது. விதைக்கு எடுத்ததைத் தனிக் குவியலாகப் போடுங்கள், வேகவைக்கிற மஞ்சளோடு ஒரே களத்தில் கொட்ட வேண்டாம். நடுவதற்கு முன் ஒவ்வொரு கிழங்கையும் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் மெத்தென்று இருந்தாலும் தள்ளிவிடுங்கள். வைகாசியில் ஆள் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள், விதை பொறுக்கத் தெரிந்த இரண்டு பேர் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.